மூன்று திசையிலும் டெலஸ்பர் வள்ளம்

ஒரே வள்ளம், மூன்று திசையிலிருந்து கூப்பிடுகிறது!

ஃபைபர் படகின் முன்பக்கத்தில், ஆண்டெனா மாட்டிய மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கிளாடிஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காலையில் அவள் அண்ணன் டெலஸ்பர், “என்ஜின் நின்னுட்டு, ஓட்ட வழியா தண்ணி ஏறுது” என்று வயர்லெஸ்ஸில் சொன்னதோடு சரி. எந்த இடம் என்று கேட்பதற்குள் பேச்சு அறுந்துவிட்டது. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பானா என்ன! மீன் கிடைக்கும் இடத்தைக் கட்டின பெண்டாட்டியிடமே மூச்சு விடாத ஆள்.

வள்ளத்தில் இருப்பிடம் சொல்லும் கருவி இருந்தது. ஆனால் அதன் எண்ணோடு வடக்கே ஒரு சிக்னல், தெற்கே ஒன்று, கிழக்கே ஒன்று!

“மச்சான், இது என்ன கூத்து?”

சுக்கான் பிடித்திருந்த அத்தை மகன் வியாகப்பன் கடலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

“அது வந்து பிள்ள... மத்தவனுவ நம்ம சிக்னல பாத்து பின்னாலயே வந்து வல போடுதானுவ. அதான் இன்னும் ரெண்டு மெசின்ல அதே நம்பர ஏத்தி, மெதவையில கட்டி விட்டோம். அங்க போயி தேடட்டும்னு. நீரோட்டத்துல அது எங்க போச்சுன்னு இப்ப எனக்கே தெரியாது.”

“இப்ப தேடுதது நாம! யாரு மூள இது?”

“ரெண்டு பேரும் சேந்துதான்.”

“அதானே! ஒருத்தன் மூளைக்கு இவ்வளவு ஓடாதே.”

டீசல் ஒரு திசைக்குத்தான் காணும். காவல்படைக் கப்பல் வந்துசேர மாலையாகும். அதுவரை வள்ளம் தாங்காது.

“வடக்க உள்ளதுதான் பலமா கேக்கு. அங்கயே விடுவோமா?”

“சும்மா இருங்க!”

கல்லூரியில் வயர்லெஸ் படித்தவள் கிளாடிஸ். அசல் கருவி வாங்கியபோதே அதன் சிக்னலைப் பதிந்துவைத்திருந்தாள். எண்ணை எதில் வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கருவியின் உள்பாகங்களிலும் பிறவிக் கோணல் கொஞ்சம் உண்டு. அலைவரிசை இம்மி விலகும், தொடங்கும்போது ஒரு நடுக்கம் வரும். அதைக் காப்பியடிப்பது லேசில்லை. தெருமுனையில் பைக் திரும்பும்போதே எந்த வீட்டு மாப்பிள்ளை வருகிறார் என்று பெண்கள் சொல்லிவிடுவதில்லையா? அதே வித்தைதான், கொஞ்சம் கணக்கு சேர்த்து.

பதிவோடு ஒப்பிட்டாள். வடக்கு? இல்லை. தெற்கு? இல்லை. கிழக்கே இருந்தது ஈனஸ்வரத்தில் வந்து வந்து மறைந்தது. பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். இதோ! அதே விலகல், அதே நடுக்கம்!

“கிழக்க திருப்புங்க!”

“அங்க பாறை கெடக்கு பிள்ள! தப்பாப் போச்சுன்னா டீசலும் காலி, நாமளும் காலி!”

“என் மெசின் சொல்லுது. திருப்புங்க!”

படகு சீறியது. அலை முகத்தில் அறைந்தது. பாறையில் நுரை பொங்கிய இடத்துக்கு அப்பால், ஒரு பக்கம் சாய்ந்த வள்ளம்! டெலஸ்பரும் கூடப் போன இருவரும் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். வியாகப்பன் கயிற்றை வீசினான். மூவரும் வாளியும் கையுமாகத் தாவி ஏறினார்கள்.

மூச்சு வாங்க டெலஸ்பர் கேட்ட முதல் கேள்வி: “பின்னால வேற எவனும் வரலையே?”

கிளாடிஸ் அந்த வாளியை வாங்கி, மிச்சமிருந்த தண்ணீரை அவன் தலையிலேயே கவிழ்த்தாள்.

“ஊருக்குத் தெரியாம ஒளிஞ்சுக்கோ. ஆனா தேடி வாரவளுக்கு ஒரு வழி வையி!”

வள்ளத்தை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தபோது தெருவே திரண்டு ஆரவாரித்தது. பொய் மிதவைகள் இப்போது கிளாடிஸ் வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றன. டெலஸ்பரும் திருந்திவிட்டான்; எந்தத் திசை என்று பெண்டாட்டி காதில் ஓதிவிட்டுத்தான் கடலேறுகிறான். அவளும் அதை யாரிடமும் சொல்வதில்லையாம், எதிர்வீட்டில் தவிர.