குயிலி கண்ட கடல்

முதல் மணி அடித்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காற்றுமுகமூடிகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கனவுகளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

"கனவு கொண்டுவராதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார் சகாயமேரி டீச்சர்.

பின்வரிசையில் அஸ்லம் எழுந்து நின்றான். "என் கனவைத் தம்பி முழுங்கிட்டான் மிஸ்."

நடக்கக்கூடியதுதான். கனவுச் சிமிழ் ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். தம்பிக்கு வயிற்றுவலி ஏதும் இல்லையே என்று கேட்டுவிட்டு டீச்சர் அவனை உட்காரச் சொன்னார்.

அது வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ நிலவு. பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய அந்தக் குடியிருப்புக்குப் பசும்பொழில் என்று பெயர். அங்கே பசுமையும் கிடையாது, பொழிலும் கிடையாது. பெயர் வைத்தவர்கள் பூமியில் உட்கார்ந்துகொண்டு வைத்தார்கள். பெரியவர்கள் எல்லாம் பூமியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். மழை, மாடு, மாமரம் எதையும் பார்த்திராத அந்தப் பிள்ளைகளின் தூக்கத்தில் குழாய்களும் குழாய் மூடிகளும் மட்டுமே வந்துகொண்டிருந்தன. மருத்துவர்கள் பயந்துபோனார்கள். ஊட்டம் குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவு கொடுப்பதுபோல, கணக்குக்கும் தமிழுக்கும் நடுவே கனவுப் பாடம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள்.

ஏற்பாடு எளிமையானது. அங்கே வாழும் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓர் உறக்க இழை பதித்திருக்கும். சிமிழைக் கைக்குள் பொத்திக்கொண்டு தூங்கினால், காணும் கனவு அதில் இறங்கிவிடும். மறுநாள் வகுப்பில் அதை விரிகிண்ணத்தில் போட்டால் கனவு கூரை முழுக்க விரியும். பிள்ளைகள் பாயில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார்கள்.

ஆரம்பத்தில் வந்தவை பொடிக் கனவுகள். பேசும் செருப்பு, கோபித்துக்கொண்ட குழாய், காது மட்டும் யானையாக இருந்த ஒரு நாற்காலி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மார்க் இல்லாத பாடத்தைப் பெற்றோர் மதிப்பதில்லை என்பதால் பள்ளிக்கூடம் மார்க் போட ஆரம்பித்தது. அதன் பிறகு கனவுகள் திடீரென்று பிரமாதமாகிவிட்டன.

அன்றைக்குத் தலைப்பு மழை. முதல் சிமிழைப் போட்டதும் கூரை இருண்டது. பேருந்து நிலையத்துத் தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. தலையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு யாரோ ஓடினார்கள். டீக்கடை ஆவியும் மழைச்சாரலும் ஒன்றாகக் கலந்து வகுப்பறைச் சுவர்களில் வழிந்தன. டீச்சரும் பாயில் ஒரு ஓரமாகப் படுத்துக்கொண்டார். பூமியை விட்டு வந்தபிறகு அவர் நனைவது இந்த வகுப்பில் மட்டும்தான். கண்ணை மூடினால் மண்வாசனைகூட வருவதுபோல இருந்தது.

கனவின் கடைசியில் மழைக்குள்ளிருந்து ஒரு குரல், "சம்பளம் எப்ப ஏறும்?" என்று கேட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் கனவில் அப்படி ஒரு குரல் வர வழியில்லை. யார் வீட்டுப்பாடத்தை யார் தூங்குகிறார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மழை அவ்வளவு நன்றாக இருந்தது.

அதே வகுப்பில் படித்த குயிலியின் வீட்டில் நடந்ததும் அதுதான். அவள் அம்மா அருள்செல்வி அடித்தளத்தில் வெப்பக் குழாய்களைக் கண்காணிப்பவள். அப்பா பக்கத்து நிலவில் பனி வெட்டப் போனவர், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். அருள்செல்வி வேலை முடிந்து வந்ததும் மகளிடம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன தலைப்பு?"

"மாம்பழம்மா. அம்மா, நாம மூடி அடுக்கி விளையாடலாமா?"

"விளையாடிட்டே இருந்தா உன் ஹோம்வொர்க்கை யாரு தூங்குறது? சத்தம் போடாம உக்காரு கண்ணு. அம்மா முடிச்சிட்டு வந்துடுறேன்."

சொல்லிவிட்டு நீலப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். அம்மாக்கள் குழுவில் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. மழைக்குப் பருப்புசாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நன்றாக வருகிறது என்றாள் அஸ்லமின் அம்மா பெனாசிர். யானைக்கு இடதுபக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி.

அருள்செல்வியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பனிப்பரப்பின்மேல் மேல்தளப் பள்ளி என்று ஒன்று இருந்தது. அதற்குக் கண்ணாடிச் சன்னல்கள் உண்டு. சன்னலுக்கு வெளியே வியாழன் ஆரஞ்சுப் பழம்போல் தொங்கும். ஒவ்வொரு வகுப்பிலும் கனவில் முதல் மார்க் வாங்கும் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அங்கே இடம். தன் மகள் சன்னல் உள்ள இடத்தில் படிக்க வேண்டும். அருள்செல்விக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்த வருஷம் தேர்வில் ஒரு மாற்றம் வந்தது. பாதி மார்க் வழக்கம்போல வீட்டுக் கனவுக்கு. மீதிப் பாதி, டீச்சர் முன்னிலையில் வகுப்பிலேயே தூங்கிக் காணும் கனவுக்கு. செய்தி வந்ததுமே அருள்செல்வி மூச்சிரைக்கப் பள்ளிக்கு ஓடிவந்தாள்.

"டீச்சர், எங்க குயிலிக்குப் புது இடத்துல தூக்கமே வராது. வீட்டுலன்னா அருமையா கனவு காணுவா."

"அப்படியா? போன வாரம் மாம்பழக் கனவுல ஒருத்தங்க முதுகு வலிக்குதுன்னு புலம்பினாங்களே அருள்செல்வி. அது குயிலியா?"

அருள்செல்வி முகமூடியின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "எல்லாரும் செய்றாங்க டீச்சர். நான் மட்டும் செய்யாம விட்டா என் பொண்ணு பின்தங்கிடுவாளே" என்றாள்.

டீச்சருக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. "பயப்படாம அனுப்புங்க. புள்ளைங்களுக்குத் தூங்கத் தெரியும்" என்றார்.

தேர்வன்று பெற்றோர் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். தலைப்பு கடல். டீச்சர் கடலைப் பற்றிச் சொன்னார். பெரிசா இருக்கும், நீலமா இருக்கும், மூச்சு விடுற மாதிரி ஏறி ஏறி இறங்கும், எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. பிள்ளைகள் சிமிழைப் பொத்திக்கொண்டு படுத்தார்கள். ஆயா இயந்திரம் ஒவ்வொரு பாயாகப் போய்த் தட்டிக்கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குறட்டைகள்.

எழுந்ததும் ஒவ்வொன்றாகக் கூரையில் விரிந்தன. அஸ்லமின் கடல் ஒரு வாளிக்குள் இருந்தது. அதில் அவன் தம்பி குளித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தியின் கடலில் தண்ணீருக்குப் பதிலாகக் கஞ்சி. பின்சுவரில் பெற்றோர் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளோ, பேசும் செருப்புக் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குயிலியின் சிமிழ் விழுந்ததும் சிரிப்பு நின்றது.

கூரையில் கடல் வரவில்லை. ஒரு வீடு வந்தது. கட்டிலில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், கைக்குள் சிமிழ். நீலப் போர்வை அவள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. பக்கத்தில் தரையில் குயிலி குழாய் மூடிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். போர்வை மெல்லக் கட்டிலைத் தாண்டி வழிந்தது. தரையை நிறைத்தது, சுவர்களைக் கரைத்தது. எங்கும் நீலம், ஏறி ஏறி இறங்கும் நீலம். நடுவே எங்கோ தூரத்தில் ஒரு கட்டில் மிதந்தது. கரையில் நின்ற குயிலி, "அம்மா, எழுந்திரும்மா" என்று கூப்பிட்டாள். கடல் ஏறியது, இறங்கியது. அவள் மறுபடி கூப்பிட்டாள்.

கனவு முடிந்தது. தான் இத்தனை நாள் மழையில் நனைந்தது எந்தக் கரையில் நின்ற பிள்ளையின் செலவில் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு முழு மார்க் போட்டார். அருள்செல்வி பாய்களைத் தாண்டி ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "இனிமே அம்மா தூங்க மாட்டேன்டி கண்ணு, சத்தியமா தூங்க மாட்டேன்" என்று தேம்பினாள். அன்று மாலை இருவரும் மூடிகளைக் கூரை தொடும்வரை அடுக்கினார்கள். கலிஸ்டோவில் ஈர்ப்பு குறைவு என்பதால் சரிந்தபோது அவை பூப்போல மெதுவாக விழுந்தன. குயிலி சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

வீட்டுக் கனவுக்கான மார்க் மட்டும் பாக்கி. பட்ட பாட்டில் பெற்றோர் திருந்தியிருப்பார்கள் என்று நம்பி, டீச்சர் தலைப்பைப் பிள்ளைகளின் இஷ்டத்துக்கே விட்டார்.

அடுத்த வாரம் சிமிழ்கள் வந்தன. அஸ்லமின் சிமிழைப் போட்டார். ஒரு கட்டிலில் பெனாசிர் தூங்கிக்கொண்டிருந்தாள். பச்சைப் போர்வை கடலாகிக்கொண்டிருந்தது. கரையில் அஸ்லம் ஏக்கத்தோடு நின்றான். அடுத்ததில் வேறொரு அம்மா, வேறொரு போர்வை, அதே கடல். அதற்கடுத்ததில் ஜரிகைப் போர்வை, பின்னணியில் வீணை இசை. வகுப்பு முழுக்க அம்மாக்கள் தூங்கினார்கள், பிள்ளைகள் கரையில் நின்று உருக்கமாகக் கூப்பிட்டார்கள். போன வாரம் எதற்கு முழு மார்க் கிடைத்தது என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள் அல்லவா?

டீச்சர் சலித்துப்போய்க் கடைசியாகக் குயிலியின் சிமிழை எடுத்தார். இது ஒன்றாவது வேறாக இருக்கும் என்று நினைத்தார்.

அதே நீலப் போர்வை. ஆனால் சுருக்கமே இல்லை. அலைகள் அளவெடுத்ததுபோல வந்தன. கரையில் நின்ற குயிலி இரட்டைச் சடை போட்டு, புதுச் சீருடையில், தெளிவான உச்சரிப்பில் "அம்மா, எழுந்திரும்மா" என்றாள்.

டீச்சர் அவளைக் கிட்டே அழைத்தார். "இது நீ கண்டதாம்மா?"

"இல்ல மிஸ், அம்மா கண்டாங்க. போன தடவ போர்வை கசங்கியிருந்துச்சாம். மேல்தளப் பள்ளில சுத்தம் பாப்பாங்களாம். நாலு வாட்டி தூங்கி இதைச் சரி பண்ணினாங்க."

"அப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"பக்கத்துல உக்காந்திருந்தேன் மிஸ்" என்றாள் குயிலி. "சத்தம் போடாம."