எரியாத ஏழு

ஆனி மாதச் சாரல் மேற்கு மலையிலிருந்து இறங்கிப் போடியை நனைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை, மாலை நாலு மணிக்குப் பக்கமாக, எபனேசர் தன் மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மகிமா, ஓர் அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தைபோல முந்தானைக்குள் அணைத்திருந்தாள்.

“கதவைத் தொறங்கப்பா! ஒங்க மாப்ள மூணு மாசமா என்னைய விட்டுட்டு இதைத்தான் கொஞ்சிக்கிட்டுக் கெடந்தாக.”

பழைய ஓட்டு வீடு. உள்ளே ஈரச்சுவரின் வாடை. ராஜமணி சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். மறுநாள் அவருக்கு எழுபது வயது முடிகிறது. சபையின் மூப்பர் என்பதால், ஆராதனை முடிந்ததும் ஸ்தோத்திர ஜெபம் ஏற்பாடாகியிருந்தது.

எபனேசருக்குத் தேனியில் மோட்டார் வைண்டிங் கடை. பிழைப்பு அது, ஆசை வேறு. அந்தக் காலத்து மிஷின்களில் எண் காட்டுவதற்கு நிக்ஸி டியூப் என்று ஒன்று இருந்தது. விரல் அளவு கண்ணாடிக் குழாய். அதற்குள் பூஜ்யம் முதல் ஒன்பது வரை, மெல்லிய கம்பியில் வளைத்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மின்சாரம் பாய்கிற எண் மட்டும் அடுப்புத் தணல்போல ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அவற்றைத் தேடிப் பிடித்துக் கடிகாரம் செய்வதுதான் எபனேசரின் பொழுதுபோக்கு.

தேக்குப் பெட்டியில் நான்கு டியூப்கள். பிளக்கைச் செருகியதும் மங்கலான அந்த அறையில் 3:58 என்று பூத்தது. மகிமா கை தட்டினாள்.

“இதுல ஒரு வேடிக்கை கேளுங்க மாமா,” என்றார் எபனேசர். “கடைசி டியூப்புல ஏழு மட்டும் செத்துக் கெடந்துச்சு. ரொம்ப நாள் எரியாம விட்டா எண்ணு மேல ஒரு படலம் கட்டிக்கிடும். கரண்டைக் கூட்டிக் குடுத்து மூணு நாள் விடாம எரிய விட்டேன். மூணாம் நாள் கண்ணு முழிச்சிருச்சு!”

ராஜமணியின் சிரிப்பு நின்றது.

“எங்கன வாங்குனீக?”

“ஆண்டிபட்டி ரோட்டுல, பழைய இரும்புக் கடையில. ஏதோ மூடிப்போன மில்லுச் சாமான்னு சொன்னாக.”

“அதை ஏன் மாப்ள எழுப்புனீக?”

அந்தக் குரல் எபனேசருக்குப் புதிதாக இருந்தது.

நிமிடங்கள் மாறின. 4:05. 4:06.

4:07.

மற்ற எண்கள் தணல் என்றால் அந்த ஏழு தீயாக இருந்தது. பெட்டியிலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. டிரான்ஸ்பார்மர் ஓசை இல்லை. மோட்டாரோடு பழகிய எபனேசருக்கு அது தெரியும். கனத்த இரும்பு உருளை ஒன்று எங்கோ சுழலத் தொடங்கும் ஓசை. மிஷின் எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த நெடி அறையில் பரவியது.

ஒரு நிமிடம் கழிந்தது. எட்டு வரவில்லை.

எபனேசர் பிளக்கைப் பிடுங்கினார். மற்ற டியூப்கள் அணைந்தன.

ஏழு அணையவில்லை.

ராஜமணி இருமினார். வாயைப் பொத்திய கையை விலக்கியபோது, உள்ளங்கையில் ஈரமான வெள்ளைப் பஞ்சு இருந்தது.

“அப்பா!” மகிமா ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். “என்னப்பா இது?”

நாற்காலியில் சாய்ந்த ராஜமணி, ஏழிலிருந்து கண்ணை எடுக்காமல் கிசுகிசுத்தார்.

“முருகம்மா. எங்க மில்லுல வேலை பாத்தவ. பஞ்சைச் சீவுற கார்டிங்ல மொத்தம் ஒம்பது மிஷின்; நான் சூப்பர்வைசர். உள்ள கையை விட்டுப் பஞ்சு எடுக்கணும்னா பொம்பளைக பட்டனை அமுக்குவாக. அந்த மிஷின் நம்பர் என் மேசை டியூப்புல எரியும். அது எரிஞ்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.” மூச்சு வாங்கினார். “அவ மிஷின் நம்பர் ஏழு மட்டும் ஒரு மாசமா எரியலை. அவ வந்து சொல்லத்தான் செஞ்சா. ‘பாத்துக்கிடலாம், போ’ன்னுட்டேன். டியூப் மாத்துறது அரை மணி வேலை.”

“அப்பறம்?”

“ஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“விசாரணையில என்ன சொன்னீக மாமா?”

“அவ பட்டனை அமுக்கவே இல்லைன்னேன்.”

மீண்டும் இருமல். இம்முறை பஞ்சு திரியாக வந்தது. மகிமா அதைப் பிடித்து இழுக்க, இழுக்க, வந்துகொண்டே இருந்தது.

“அவகளுக்குப் பிள்ளைக இருக்கா?” என்று கேட்டார் எபனேசர்.

“ஒரே மக. பாண்டீஸ்வரி. அப்ப நாலு வயசு. இப்ப கீழத்தெரு முக்குல பூக்கடை போட்டிருக்கா. நான் அந்தத் தெருப் பக்கமே போறதில்லை.”

எபனேசர் வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, அந்தப் பெண்ணைக் கூட்டி வருவதா என்று ஒரு கணம் தடுமாறினார். தெருமுனையில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுக் கீழத்தெருவுக்கு விரட்டினார். உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டால் எந்தக் கோபமும் தணியும் என்று அவர் நம்பினார்.

பாண்டீஸ்வரி கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா பேரா?” அவள் கை நூலோடு நின்றது. “கவனங்கெட்டவ மகன்னுதாண்ணே என்னைய ஊருல சொல்லுவாக. நான் ஒரு டம்ளரைக் கீழ போட்டாக்கூட, ‘ஆத்தா புத்தி’ம்பாக. இப்ப எதுக்குக் கேக்குறீக?”

“அவக தப்பு பண்ணலைம்மா. அதைச் சொல்ல வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காக. ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

அவள் பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ராஜமணியின் முகம் நீலம் பாரித்திருந்தது. நாற்காலியைச் சுற்றிலும் பஞ்சு. மகிமா அழுதுகொண்டே அள்ளி எறிந்துகொண்டிருந்தாள். பாண்டீஸ்வரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிழவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். விரலை விட்டு அடைத்திருந்த பஞ்சை எடுத்தாள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள்.

“மெதுவா ஐயா. ஒண்ணுமில்லை. மூச்சை விடுங்க.”

அப்போது ஏழு மங்கியது.

இரைச்சல் தணிந்து, வெகுதூரத்துக்குப் போய்விட்டதுபோல ஆயிற்று. ராஜமணியின் நெஞ்சு ஏறி இறங்கியது. முகத்தில் ரத்தம் திரும்பியது. யார், எவர் என்று கேளாமல் செய்த சின்ன உபகாரம் அது. செத்தவளையும் அது ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தது.

“சொல்லுங்க மாமா,” என்று கெஞ்சினார் எபனேசர். “ரெண்டே வார்த்தை. அவ அமுக்குனா. அவ்வளவுதான்.”

ராஜமணி பாண்டீஸ்வரியைப் பார்த்தார். பிறகு, நாளைய ஜெபத்துக்காகத் தேய்த்து மாட்டியிருந்த வெள்ளை ஜிப்பாவைப் பார்த்தார். திரும்பக் கிடைத்த மூச்சு நெஞ்சு நிறைய இருந்தது.

“ஒங்கம்மா பட்டனை அமுக்கலைம்மா,” என்றார். “நான்தான் பக்கத்துல இருந்து பாத்தேனே.”

ஏழு வெள்ளையாக எரிந்தது.

உருளை சுழன்றது, வீட்டுக்கு வெளியே அல்ல, அறைக்குள்.

ராஜமணியின் வலது கை தானாக நீண்டது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கிய விரல் முன்னால் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த விரலைப் பற்றி உள்ளே இழுத்தது. சட்டைக்கை தோள்வரை, பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் கத்த வாய் திறந்தார். வாய் நிறையப் பஞ்சு.

“வேணாம் ஆத்தா!” என்று அலறினாள் பாண்டீஸ்வரி. “விட்ரு ஆத்தா! அவரை விட்ரு!”

அதை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் ஓய்ந்தபோது டியூப் கரிந்து விரிசல் விட்டிருந்தது. தரையில் ஓர் இழைப் பஞ்சுகூட இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள், மாரடைப்பில் விழுந்ததில் கை முறிந்திருக்கும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்க ஆராதனையில் எபனேசர் எழுந்து நின்றார். மூப்பர் சொல்லாமல் போனதைச் சபை முழுவதும் கேட்கச் சொன்னார். மகிமா தலை கவிழ்ந்தாள், ஆனால் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த பாண்டீஸ்வரி முன்னால் வந்து, சவப்பெட்டியின் மேல் ஒரு முழம் மல்லிகையை வைத்தாள்.

“செத்தவகளோட எனக்கென்னண்ணே சண்டை,” என்றாள்.

மன்னிப்பு அந்த ஒரு முழத்தில் முடிந்துவிட்டதென்றுதான் எபனேசர் நினைத்தார். நல்ல மனிதர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு காலை நேரம். தேனியில் தங்கள் வீட்டுச் சமையலறையில் மகிமா தோசைக்கு மாவாட்ட நின்றாள். ஊறிய அரிசியைக் கிரைண்டரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுவிட்சில் விரலை வைத்தாள். ஜன்னலில் வெயில் அடித்தது. வீட்டில் வேறு யாருமில்லை.

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

“இருங்க தாயி,” என்றது ஒரு பெண் குரல், மிகவும் பணிவாக. “கை உள்ள இருக்கு.”