ஜன்னலோரத்து ஈரத்துண்டு

நகரங்கள் விரிவது மானுடத்தின் மகத்தான பயணம். எந்தச் சக்தியாலும் அதை நிறுத்த முடியாது. மிஷன் பள்ளி ஆசிரியர் லாசர் ஒரு கருத்தரங்கில் இப்படி முழங்கிச் சால்வை வாங்கியவர். அன்று மாலை அந்த மகத்தான பயணம் உசிலம்பட்டி பஸ்ஸின் படிக்கட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்தது.

அவர் வீடு கட்டியிருந்தது ‘லேக் வியூ சிட்டி’யில். மதுரைக்கு மிக அருகில் என்றது விளம்பரம். லேக் எங்கே என்று மட்டும் கேட்கக்கூடாது; கண்மாயை மூடித்தான் மனை போட்டிருந்தார்கள்.

“இன்னைக்கும் இருட்டுனப்பறம் வந்தீங்க, நான் கே.கே. நகர் அப்பா வீட்டுக்கே போறேன். உங்க சிட்டிய நீங்களே கட்டி ஆளுங்க” என்று காலையில் மனைவி ஜாய்ஸ் சொல்லியிருந்தாள். இந்த பஸ்ஸை விட்டால் குடும்பம் போயிற்று.

எப்படியோ ஏறிவிட்டார். அவ்வளவு கூட்டத்திலும் ஜன்னலோரம் ஓர் இருக்கை காலி. அதில் கறுத்த துண்டு ஒன்று, சொட்டச் சொட்ட ஈரமாக.

“துண்டு கெடக்கு சார். ஆளு வரும்” என்றார் கண்டக்டர் ஜெயக்கொடி.

“துண்டு போட்டா பஸ்ஸு சொந்தமாயிருமாய்யா?”

அதை எடுத்து வெளியே வீசிவிட்டு உட்கார்ந்தார். விரலில் சேற்று வாடை ஒட்டிக்கொண்டது.

செக்கானூரணி தாண்டியும் நெரிசல் குறையவில்லை. ஆனால் லாசரின் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. படியில் தொங்கியவர்கள்கூட அங்கே நகர்ந்து வரவில்லை.

அந்த வெற்றிடத்திலிருந்து அவர் தோளில் விழுந்தது.

ஒரு சொட்டு.

இன்னொன்று.

காதருகே குளிர்ந்த மூச்சு. “என் துண்டு எங்க?”

நிறுத்தம் வந்ததும் பாய்ந்து இறங்கினார். விசிலை வாயில் வைத்த ஜெயக்கொடி ஊதவில்லை.

“இருங்க டிரைவரண்ணே. கூட வந்தவரும் எறங்கிக்கிரட்டும்.”

பிறகுதான் ஊதினார்.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வாசலில் ஜாய்ஸ் முகம் வெளுத்து நின்றாள். படுக்கையறையைக் காட்டினாள். கட்டிலில், அவர் படுக்கும் பக்கத்தில், கறுத்த துண்டு ஒன்று விரித்துப் போடப்பட்டிருந்தது. ஓரங்களிலிருந்து நீர் சொட்டியது.

“யாருங்க போட்டது?” என்று கிசுகிசுத்தாள்.

அதை யாரும் தொடவில்லை. இருட்டுமுன்பே இருவரும் எதிர் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

இப்போது கே.கே. நகரில் மாமனார் வீட்டு மாடியில் ஜாகை. நகரம் பரவக்கூடாது, உயரத்தான் வேண்டும் என்று முழங்கி லாசர் இன்னொரு சால்வையும் வாங்கிவிட்டார்.

விடியும்போதெல்லாம் மெத்தையில் அவர் பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது. கண்மாய்த் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தார்.

மாமனார் ரப்பர் விரிப்பு வாங்கி வந்து கொடுத்தார்.