அப்பா நடக்க ஒரு சந்து

தொம், தொம், தொம்.

அப்பா வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, சமையலறை வாசலில் திரும்பி, மறுபடியும் சோபா.

பம்பரம் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு கால்களை மேலே இழுத்துக்கொண்டாள். ஓரிடத்தில் உட்காராததால் அவளுக்கு வந்த பெயர் அது. இப்போது வீட்டில் அவளைவிடப் பெரிய பம்பரம் ஒன்று சுற்றியது.

"ஏங்க, எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் உட்காருங்களேன்," என்றாள் அம்மா.

"உட்கார்ந்து உட்கார்ந்துதான் சர்க்கரை ஏறிச்சுன்னு டாக்டர் சொன்னார்ல?"

அப்பா லாரி ஓட்டுநர். தினமும் நடக்க வேண்டும், அடுத்த மாதப் பரிசோதனையில் சர்க்கரை குறையாவிட்டால் லாரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டொக், டொக், டொக்!

கீழ்வீட்டு நர்ஸ் அக்கா துடைப்பக் கட்டையால் மேலே இடிக்கிறாள். இரவெல்லாம் மருத்துவமனையில் விழித்திருந்து பகலில் தூங்குகிறவள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அப்பா நின்றுவிட்டார். "பின்னே நான் எங்கதான் நடக்கிறது?"

நல்ல கேள்வி. இந்தக் குடியிருப்பைக் கட்டியவர்கள் காருக்கு இடம் விட்டிருந்தார்கள். ஸ்கூட்டருக்கு இடம் விட்டிருந்தார்கள். குப்பைத் தொட்டிக்குக்கூட இடம் இருந்தது. காலுக்கு மட்டும் இல்லை. முன்சாலையில் நடைபாதை என்று ஒன்று உண்டு. அதில் வண்டிகள் நிற்கும். மனிதர்கள் சாலையில் நடப்பார்கள். போன வாரம் ஒரு பைக் அப்பாவின் முழங்கையை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் அப்பாவைத்தான் திட்டினான்.

பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை ஜன்னலில் எக்கிப் பார்த்தாள்.

கீழே பின்சந்து. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் நீளமாக, நிழலாகக் கிடந்தது. ஒரு முனையில் கடைத்தெரு, மறுமுனையில் பேருந்து நிறுத்தம். கார் நுழைய முடியாது. நடக்க இதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால் கால் வைக்க முடியாது. யார் வீட்டு வாசலும் அந்தப் பக்கம் இல்லை. அதனால் எல்லார் வீட்டு வேண்டாத சாமானும் அங்கே கிடந்தது.

"இதெல்லாம் யாரோடதும்மா?"

"யாரோடதோ! கேட்டா ஒருத்தராவது ஒத்துக்குவாங்களா? சண்டைதான் வரும்."

அதுவும் சரிதான். 'இது உங்கள் குப்பையா?' என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். வேறு மாதிரி கேட்டால்?

மறுநாள் விடுமுறை. பம்பரம் சந்துக்குள் இறங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எதிர்க் கட்டடத்துக் கம்ப்யூட்டர் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா! உங்க சைக்கிள் கிடைச்சிடுச்சு!"

"எந்த சைக்கிள்?"

"இருந்த இடத்துலயே மிதிப்பீங்களே, அது! பாவம், யாரோ தூக்கிட்டுப் போய்ப் பின்சந்துல போட்டுட்டாங்க. உங்க ஆபீஸ் அடையாள அட்டைக் கயிறு அதுல தொங்குது. தேடிட்டே இருந்திருப்பீங்க இல்ல?"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "அதைப் பழைய இரும்புக் கடையில போட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"அது வந்து... போடலாம்னுதான்... நீ போ பாப்பா, இதோ வரேன்."

அடுத்தது தையல்கார மாமா. சந்தில் கிடந்த கிழிந்த மெத்தையில் பூப்போட்ட ஒட்டு. அதே துணியில்தான் அவர் பம்பரத்துக்குச் சட்டை தைத்திருந்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே போய் நின்றாள்.

"மாமா, உங்க மெத்தை கிடைச்சிடுச்சு!"

மாமா மெத்தையை நினைத்தார், சட்டையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பொல்லாத பொண்ணுடி நீ," என்று செருப்பை மாட்டினார்.

விஷயம் பரவியது. அதற்குப் பிறகு அவள் கதவைத் தட்ட வேண்டியே இருக்கவில்லை. "பம்பரம் வர்றா" என்று கேட்டதுமே ஆட்கள் இறங்கிவந்து சத்தமில்லாமல் தங்கள் பொருளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மதியத்துக்குள் சந்து காலியானது. நடுவில் ஒரு குவியல் மட்டும் அசையவில்லை. பெரிய பெரிய டயர்கள். உள்ளே பச்சைத் தண்ணீர்.

கம்ப்யூட்டர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "ஏன் பாப்பா, இங்க லாரி ஓட்டுறது யாரு?"

எல்லாரும் பம்பரத்தின் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே தெரிந்த அப்பாவின் தலை சட்டென்று மறைந்தது.

பம்பரத்தின் காது சூடானது. ஓடிப் போய் ஒளிந்துகொள்ளலாமா? அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, தன் வீட்டுக் கதவை மட்டும் விடுவதா? படியேறினாள்.

"அப்பா... உங்க டயரெல்லாம் கிடைச்சிடுச்சு."

"என்னைக்காவது உதவும்னு போட்டு வெச்சேன்டா..." அப்பா இழுத்தார்.

சத்தத்தில் தூக்கம் கலைந்த நர்ஸ் அக்கா பின்னாலேயே வந்து நின்றாள். "உதவுது அண்ணே, கொசுவுக்கு! அதுங்க கடிச்சவங்கதான் எங்க வார்டுல வரிசையாப் படுத்திருக்காங்க. வந்து பார்க்கிறீங்களா?"

அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

தண்ணீரைக் கவிழ்த்தார். ஒரு டயரை நிமிர்த்தி, தட்டித் தட்டி உருட்டிக்கொண்டு கடைத்தெரு பஞ்சர் கடை வரை போனார். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தார். பிறகு அடுத்தது. கடைசி டயர் போனபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போதும்ப்பா, உட்காருங்க," என்றாள் பம்பரம்.

"எதுக்கு? டயர்தானே தீர்ந்துச்சு, சந்து தீரலையே?" என்று அப்பா கையை வீசி நடந்தார்.

அடுத்த மாதம் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. கொஞ்சம்தான். "லாரி ஓட்டுங்க, நடையை விட்டுடாதீங்க," என்றார் டாக்டர்.

அன்று மாலை சந்தின் வாயில் ஒருவர் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தப் பார்த்தார். பம்பரம் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அங்கிள், இது நடக்கிற இடம்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

பதில் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அப்பா, வேலைக்குக் கிளம்பிய நர்ஸ் அக்கா, மூச்சு வாங்கும் தையல்கார மாமா, பந்தோடு ஒரு பிள்ளைக் கூட்டம். யாரும் நடையை நிறுத்தவில்லை.

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரைப் பின்னுக்கு இழுத்தார். பம்பரம் சுவரோரம் ஒதுங்கி, வருகிறவர்களுக்கு வழிவிட்டாள்.