ஆறு வார்த்தைகளும் ஆரணி சம்பந்தமும்

மழைக்கு ஒதுங்க வந்தவன் மழைக்கு ஒதுங்கிவிட்டுப் போக வேண்டும். அடுத்தவள் நோட்டைப் படிக்கக் கூடாது.

தென்றலுக்கு அவன்மேல் வந்த முதல் கோபம் அதுதான். திருவண்ணாமலை நூலகத்தின் வாசற்படியில் நின்றிருந்தாள். சடசடவென்று பிடித்துக்கொண்ட மழையில் அவன் ஓடிவந்து ஏறிய வேகத்தில் அவள் நோட்டு கீழே விழுந்தது. எடுத்தவன் கொடுக்க வேண்டியதுதானே... விரிந்திருந்த பக்கத்தை நின்று நிதானமாகப் படித்தான். தெளிவில்லாததைச் சொல்லும் ஆங்கில வார்த்தைகள், வரிசையாக ஆறு. வேக், அம்பிகுவஸ், அப்ஸ்க்யூர், கிரிப்டிக், ஹேஸி, மர்க்கி.

“எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தானேங்க?”

“ஒரே அர்த்தம்னா எதுக்கு ஆறு வார்த்தை?”

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனாள், சரி... நனைந்த இமைகளோடு அவன் சிரித்த சிரிப்பு ஏன் கூடவே வந்தது?

மறுநாளும் அவன் வந்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பெயர் சகாதேவன், நிலம் அளக்கிற சர்வேயர், மழையில் அளவு வேலை இல்லையாம், அதனால் வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறானாம். நம்பலாம்தான்... கையில் இருந்தது போலீஸ் தேர்வு கைடாக இல்லாதிருந்தால். அதிலும் காலையில் விரித்த பக்கமே சாயங்காலம் வரை விரிந்திருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவர்களின் முகம் தென்றலுக்கு மூன்று வருடப் பழக்கம். போன முறை வங்கிப் பரீட்சையில் அரை மதிப்பெண்ணில் கோட்டைவிட்டவள் அவள். இதுதான் கடைசி முறை என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படிப் படிக்கிறவர்கள் யாரும் இவ்வளவு சாவகாசமாக வந்து உட்கார மாட்டார்கள்.

இருந்தாலும் சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. பாழாய்ப்போன புத்தி! ஆறு வார்த்தைக்கும் வித்தியாசம் சொன்னாள். ‘பாத்துட்டுச் சொல்றோம்’ என்று சொந்தக்காரர்கள் இழுப்பது வேக். ஒன்றைச் சொன்னால் இரண்டாகப் படுவது அம்பிகுவஸ். வெளிச்சத்துக்கே வராமல் கிடப்பது அப்ஸ்க்யூர். தெரிந்தே மூடி மூடிப் பேசுவது கிரிப்டிக். இதோ, ஜன்னலுக்கு வெளியே மலை உச்சி மேகத்துக்குள் இருக்கிறதே, அது ஹேஸி. கலங்கிய குட்டை, கால் வைக்கவே பயமாக இருந்தால் மர்க்கி.

“அப்போ நான் எதுலங்க வர்றேன்?”

“இப்போதைக்கு வேக். பென்சில்லதான் எழுதியிருக்கேன்... அழிச்சுக்கலாம்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருக்க வேண்டாம்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக, அவள் ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ்ஸை ஊருக்கு வெளியே திண்டிவனம் ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குப் படிக்க வருகிறவர்கள் யாரும் வரமாட்டார்கள். அவள் பிடிவாதக்காரி, நடந்தே வந்தாள். வந்தால்... எதிர் நாற்காலியில் அவன். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீர்களா என்று. இது எந்தப் பரீட்சையில் வரும் கேள்வி? போவேன் என்று வெடுக்கென்று சொன்னாள். மனசு மட்டும் குறுகுறுவென்றது.

அந்தக் குறுகுறுப்புக்கு நூலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் எல்லம்மாள் விடை சொன்னாள்.

“அந்தத் தம்பி வந்த மொத நாளே உன்னப் பத்தித்தான் கேட்டுச்சு. எந்த ஊரு, யாரு கூட பேசும், எத்தினி மணிக்கு வூட்டுக்குப் போவும்னு. உனுக்குத் தெரியாதா?”

டீ கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா உண்ணாமலை பூரிப்போடு சொன்னாள், ஆரணியிலிருந்து ஒரு சம்பந்தம் வருகிறது, பையன் பெயர் மாறன். அந்த வீட்டில் ஒரு வழக்கமாம். பெண் பார்க்க வருமுன், பெண்ணுக்கு முகம் தெரியாத ஆள் ஒருவரை அனுப்பிச் சத்தமில்லாமல் விசாரிப்பார்களாம். அந்த ஆள் சரியென்றால்தான் பெண் பார்க்கவே வருவார்களாம்.

அப்படியானால்... அவன் சிரிப்பு, கேள்வி, சந்தேகம் எல்லாம் விசாரணை. தென்றல் நோட்டைத் திறந்து அவன் பெயரை மர்க்கிக்கு நேரே எழுதினாள், பேனாவில். கண்ணில் நீர் முட்டியது. இந்த அழுகை எதற்கு என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

இரண்டே நாளில் ஆரணியிலிருந்து பதில் வந்தது. இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம். காரணம் எதுவும் இல்லை.

அப்பா பரசுராமன் கத்துகிற மனிதர் இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

“விசாரிக்க வந்தவங்க இன்னாத்தப் பாத்தாங்களோ... லைப்ரரில யார்கூடம்மா பேசுன?” என்றார்.

அவள் பதில் சொல்லுமுன் கையைக் கழுவிவிட்டார். ஊர் கண்டபடி பேசும், இனி நூலகம் வேண்டாம், எடுத்த புத்தகங்களை நாளைக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்றார். பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

மறுநாள் புத்தகங்களோடு நேரே அவன் நாற்காலிக்குப் போனாள். வெளியே வாங்க என்றாள். அவன் எழுந்து வந்தான். வாசலில் தூறிக்கொண்டிருந்தது.

“என்னப் பத்தி ஆரணில என்ன சொன்னீங்க?”

அவன் முகம் வெளிறியது. பொய் சொல்வான் என்று நினைத்தாள், சொல்லவில்லை. மாறன் என் பெரியப்பா பையன், இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல் என்று என்னைத்தான் அனுப்பினார்கள் என்றான்.

“ரெண்டு நாள்ல ஒரு குறையும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுங்க. அப்புறமும் ஏன் வந்தேன்னா... அது...”

“இழுக்காதீங்க. என் பரீட்சையே போயிடுச்சு. தெளிவா சொல்லுங்க.”

அவன் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“பொண்ணு எப்படிடான்னு பெரியப்பா கேட்டாரு. நான் சொன்னா சரியா வராதுன்னேன். ஏன்னு கேட்டாரு. எனக்கே அவங்களப் புடிச்சுப்போச்சுன்னு சொல்லிட்டேன். மாறன் இப்போ எங்கிட்ட பேசறதில்ல. வெளிய சொல்ல வெக்கப்பட்டு அப்படி ஒரு பதில் அனுப்பிட்டாங்க. பழி உங்க மேல வந்து விழும்னு யோசிக்கல... அது என் தப்புதான்.”

கோபப்படத்தான் வந்தாள். பாதிக் கோபம் எங்கோ போய்விட்டது. மீதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம், அப்பாவுக்குத் தெரியாதே என்றாள்.

“இப்பவே வர்றேன். அவருகிட்ட சொல்றேன்.”

ஒரே பஸ்ஸில் போனார்கள். அவள் முன்னால் பெண்கள் பக்கம், அவன் கடைசி சீட்டில். கீழ்பென்னாத்தூர் வரும்வரை அவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பரசுராமன் எதிரில் அவன் உட்காரவில்லை. நின்றபடியே, நூலகத்து வாசலில் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். அம்மா வாயில் கைவைத்து நின்றாள். பரசுராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பெத்தவன் எதிர்ல வந்து நின்னு தப்ப ஒத்துக்கினியே தம்பி... அது போதும்” என்றார். மகளிடம் திரும்பினார். “நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்பும்மா. பரீட்ச வரைக்கும் தெனமும் போ.”

தென்றல் கொடுக்காமலே கொண்டுவந்த புத்தகங்களை இறுக்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

“அதுவரைக்கும் நீ அந்தப் பக்கம் வரக் கூடாது தம்பி” என்றார். அவன் சரி என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினான்.

“தென்றல்... அந்தப் பையன் அவன் மனசச் சொல்லிட்டான். நீ இன்னாம்மா சொல்ற?”

இறங்கியவன் அப்படியே நின்றான். திரும்பவில்லை. மழை அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது. யோசிச்சுச் சொல்றேன்பா என்றிருக்கலாம். அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கலாம். யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எனக்கும் இவரப் புடிச்சிருக்குப்பா.”