வண்டு இனி வராது

அம்மா ஓட்டிய குட்டி மின்சார இன்ஜினுக்கு 'வண்டு' என்று பெயர். படகுத்துறையில் வந்திறங்கும் சரக்கை ரயில் பெட்டிகளில் ஏற்றுவார்கள். வண்டு அந்தப் பெட்டிகளைக் கிடங்குக்கு இழுத்துப் போகும். மேலே ஓடும் கம்பியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டு 'ங்ங்ங்' என்று ரீங்காரமிடும். உருவத்தில் ஒரு லாரி அளவுகூட இருக்காது.

அந்த லாரிகளே அதற்கு வினையாக வந்தன. சரக்கெல்லாம் லாரியில் வேறு துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தது. சரக்கு நிலையத்தை மூடிவிட்டார்கள். கரண்ட் கம்பியை அவிழ்த்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்க்கத் தொடங்கினார்கள்.

அம்மாவுக்கு வேலை போய்விட்டது. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள்.

அவளுடைய கடைக்குட்டி மகனுக்கு ஆறு வயது. எல்லோருக்கும் அவன் 'பொடியன்'.

"வண்டு எங்கம்மா?" என்று கேட்டான்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு. வந்துடும்" என்றாள் அம்மா, திரும்பாமலேயே.

அவ்வளவுதான். தினமும் பள்ளி விட்டதும் பொடியன் நிலையத்தின் வேலியோரம் போய் நின்றான்.

அவனுடைய அக்காவைத் தெருவே 'வாயாடி' என்றுதான் கூப்பிடும். ஒருநாள் அவனைத் தேடி வந்த அவளை நிலையத்துக் காவலாளி நிறுத்தினார்.

"பாப்பா, தண்டவாளம் பிடுங்கறவங்ககிட்ட உன் தம்பி சண்டை போடறான். 'வண்டு எதுல வரும்? திரும்பப் போடுங்க'ன்னு மிரட்டறான். அவங்களும் 'சரிங்க ஐயா'ன்னு சொல்லிட்டுப் பிடுங்கறாங்க."

வாயாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளி சிரிக்கவில்லை.

"வண்டைத்தான் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சே. உங்கம்மாதானே கடைசியா ஓட்டிட்டுப் போய் விட்டாங்க?"

அவள் வேலியோரம் ஓடினாள்.

மழை தூறியது. பொடியன் நனைந்துகொண்டே நின்றான். 'நாளைக்கு வரும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் நாளைக்கும் நிற்பானே!

அவள் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"வண்டு வராதுடா."

"பொய்! அம்மா சொன்னா!"

"அம்மாவால உண்மையைச் சொல்ல முடியல. வண்டை வெட்டிட்டாங்கடா."

பொடியன் அவளை அடித்தான். இரண்டு கையாலும் அடித்தான். வாயாடி தடுக்காமல் வாங்கிக்கொண்டாள். கடைசியில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டான்:

"அதுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லடா. அதுக்கு வலிக்காது. அம்மாவுக்குத்தான் வலிக்குது."

வீட்டுக்கு வந்ததும் பொடியன் நேராகக் கட்டிலில் ஏறி அம்மாவின் முதுகைக் கட்டிக்கொண்டான்.

"வண்டு செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும்மா. நீ இனிமே பொய் சொல்ல வேணாம்."

அம்மா மெல்லத் திரும்பினாள். "யார் சொன்னது?"

"நான்தாம்மா" என்றாள் வாயாடி. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

திட்டு விழவில்லை. அம்மா அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"கடைசியா நிறுத்தினப்போ என்னால கீழ இறங்கவே முடியல. வெட்டறவங்க எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க."

"அப்புறம்?" என்றான் பொடியன்.

"அப்புறம் என்ன... இறங்கிட்டேன்."

அதைச் சொன்னதும் அம்மா தேம்பினாள். பிள்ளைகளும் அழுதார்கள். போன வேலையை அந்த அழுகை திருப்பிக் கொண்டுவராது. அது மூவருக்கும் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை.

"அடப்பாவி, சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கியே!" என்று மூக்கை உறிஞ்சியபடி அம்மா எழுந்தாள். துண்டை எடுத்துவந்து, பொடியனின் தலையை அழுத்தித் துவட்டினாள்.