அடியில் எழுதியது

இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் எப்போதும் முகத்தில் வந்து படுகிற அந்த ஈரமான வெதுவெதுப்பு, தூங்கும் குழந்தையின் கழுத்தடியில் இருப்பதைப் போன்ற சூடு, ஞாயிற்றுக்கிழமை மதியமான அன்றும் அப்படியே வந்து பட்டது. ஆறு தட்டுகளும் வைத்த இடத்தில் இருந்தன. இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்துக்கு அடியில், கட்டைவிரல் நகம் அளவே ஆன இதயத் திசுக்கள் துடித்துக்கொண்டிருந்தன.

ஆனால் ஒன்று நொண்டியது.

இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி. மறுபடி இரண்டு, ஓர் இடைவெளி.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். நேற்றுவரை அது கடிகாரம் போலத் துடித்தது. அதைக் காட்டத்தான் நாளை காலை நிபுணர் குழுவை வரவழைத்திருக்கிறார். ஒரு மனிதரின் தோலில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, அந்தச் செல்களை இதயச் செல்களாக மாற்றி, ஒட்டுப் போடும் அளவுக்கு வளர்த்தாயிற்று. பழுதான இதயத்தின்மேல் இதை ஒட்டினால் அது மறுபடி வேலை செய்யும். பதினொரு வருட உழைப்பு.

விடுமுறை நாளில் அவர் இங்கே வந்ததே புது மாணவியின் தொலைபேசி அழைப்பால்தான். செல்களுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. யாராவது வந்து சாப்பாடு போட வேண்டும். இன்று அவள் முறை.

"சார், நாளைக்குக் காட்டப்போற இருபத்தொண்ணு இருக்குல்ல. மூடில இருபத்தொண்ணுன்னுதான் இருக்கு. அடியில பதினேழுன்னு இருக்கு சார். அக்கா கையெழுத்து. மாறிப்போச்சா?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். மொதல்ல உங்ககிட்டதான்."

"நீ தொடாத. வீட்டுக்குப் போ. நான் வந்து பாத்துக்கறேன்."

பதினேழின் மூடியை மாற்றியது அவரேதான்; அடியில் எழுதியிருந்ததை மறந்துவிட்டார். இந்தக் கூடத்தில் முதல் நாள் வருகிறவர்கூடச் செய்யாத தவறு. இங்கே செல்களுக்குச் சாப்பாடு போட்டே தலை நரைத்த அந்தப் பெண்ணை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட இளையவள்தான், ஆனாலும் அவரும் அக்கா என்றார். புதிதாக வருகிற எவரிடமும் அவள் முதலில் சொல்வது அதைத்தான்: "மூடியை நம்பாதீங்க கண்ணு. மூடி மாறும், அடி மாறாது. எழுதறதை அடியில எழுதுங்க."

ஒரு காய்ச்சலில் அவள் இதயம் கெட்டது. பதினேழு அவளுடையது, அவள் இதயத்தில் ஒட்டவேண்டியது. அவள் தோல், அவள் செல், அவள் கையால் வளர்த்தது. ஒருமுறை மணிக்கட்டை அவரிடம் நீட்டிச் சிரித்தாள். "பாருங்க சார், ரெண்டு அடி வெக்குது, ஒண்ணு முழுங்குது. இந்த வயசுல நொண்டி விளையாடுது."

பதினேழு போல அழகான திசு அதுவரை வந்ததில்லை. அடுத்தது வளர மூன்று மாதம் ஆகும். குழு வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் எழுதினார்: '17. கெட்டுவிட்டது. அழிக்கவும்.'

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவளே தொலைபேசியில் பேசினாள்.

"பூஞ்சையா சார்? என் கை பட்டதுல இதுவரைக்கும் பூஞ்சை வந்ததில்லையே."

"என்னக்கா பண்றது. அடுத்தது போட்டாச்சு. பொறுத்துக்கோங்க."

அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டு மூச்சு, ஓர் இடைவெளி. "சரி சார். எதுக்கும் கொட்டறதுக்கு முன்னாடி அடியில பாத்துக்கங்க."

ஏழாவது வாரம் இறந்துபோனாள்.

இப்போது அவர் அந்தத் தட்டை எடுத்துக் கவிழ்க்காமல் தலைக்குமேல் தூக்கி, அடியிலிருந்து பார்த்தார். 17. ஒன்றின் மூக்கைச் சற்று நீட்டி எழுதும் அவளுடைய பழக்கம். பஞ்சில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தார். மை கரைந்து போயிற்று. அவ்வளவுதான், இதற்கா பயந்தோம் என்று ஒரு பெருமூச்சு விட்டுத் தட்டைத் திரும்ப வைக்கக் குனிந்தபோதுதான் மற்ற ஐந்தையும் கவனித்தார்.

அவையும் நொண்டின.

ஐந்தும் வேறு வேறு மனிதர்களுடையவை. ஒன்றை ஒன்று தொடாதவை. ஆறும் ஒரே நேரத்தில் சுருங்கின, ஒரே நேரத்தில் நின்றன. திரவத்தில் ஆறு சிறு வளையங்கள் எழுந்து அடங்கின. மின்விசிறியின் ஓசைகூட இடையில் ஒரு கணம் விட்டு விட்டுக் கேட்பதுபோல் இருந்தது.

இரண்டாவது தட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் 17.

மூன்றாவது. 17.

ஆறாவதுவரை அதே நீண்ட மூக்கு. துடைத்த தட்டை மறுபடி தூக்கினார். அங்கும் 17. மை இன்னும் காயவில்லை.

ப்ளீச் குப்பி கைக்கு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. குழு, நாளை, பதினொரு வருடம், எதுவும் நினைவில் இல்லை. ஊற்றினார். இளஞ்சிவப்பு வெளுத்தது. திசு ஒருமுறை சுருண்டு நின்றது.

அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று தவறியது. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, படி இல்லாததுபோல.

அடுத்தது. மறுபடி தவறியது.

மூன்று. நான்கு. ஐந்து.

மேசையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டில் விரலை வைத்தார்.

இரண்டு. இடைவெளி.

இரண்டு. இடைவெளி.

கடைசித் தட்டு எதிரே இருந்தது. அவள் தட்டு. அது இப்போது நொண்டவில்லை. நிதானமாக, நோயே அறியாத இதயம்போல, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.

குப்பி கையிலிருந்து நழுவியது.

நெஞ்சில், சட்டைக்கு உள்ளே, சில்லென்று ஓர் ஈரம். ஆல்கஹால் வாசனை. உள்ளிருந்து யாரோ எழுதுகோல் முனையை வைத்து அழுத்தி இழுப்பதுபோல் ஒரு கூச்சம். தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவசரமில்லாமல். ஒவ்வோர் எழுத்தாக.

பொத்தான்களைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். கறுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. எழுத்துதான். ஆனால் இடம் வலம் மாறி, படிக்க முடியாமல். தட்டின் அடியில் எழுதியதை மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

கை கழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி இருந்தது. நான்கு அடி தூரம். சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார்.

இரண்டு. இடைவெளி.

இரண்டு. நீண்ட இடைவெளி.

கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தது. ஒன்றின் மூக்கு நீண்டிருந்தது. மை இன்னும் ஈரம்.

'17. கெட்டுவிட்டது. அழிக்கவும்.'